மார்கழிப் பூவும் தேனீயும்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் ஸ்ரீவைகுண்டத்தில் கோலத்துக்குப் பூசணிப் பூ தேடாத வீடு கிடையாது. சாணி உருண்டையில் அந்த மஞ்சள் பூவைச் செருகினால்தான் வாசல் நிறைந்த மாதிரி இருக்கும். ஆனால் சகோதரிகளே, பறிக்கும்போது காம்பைப் பாருங்கள். நீளக் காம்பில் தனியாக நிற்பது ஆண் பூ. பூவுக்கு அடியில் குட்டிக் காய் மாதிரி உருண்டையாக இருந்தால் பெண் பூ. அதைத் தொடவே வேண்டாம். ஆண் பூவிலும் இரண்டு மூன்றைக் கொடியிலேயே விட்டு வையுங்கள். விடியலில் விரியும் பூ, வெயில் ஏறினதும் சுருங்கிவிடும். அதற்குள் தேனீ வந்து மகரந்தத்தைச் சேர்த்தால்தான் காய் பிடிக்கும். இல்லாவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துவிடும். "யார் கண்ணு பட்டுதோ"ன்னு சொல்லுவாங்க. கண்ணுமில்லை, ஒண்ணுமில்லை. தேனீ வரலை, அவ்வளவுதான்.

அதை வரவழைக்க வாசனைப் பூ வேண்டும். உடனே நமக்குப் பிச்சியும் மரமல்லியும்தான் ஞாபகம் வரும். அவை அந்தியில் விரிகிறவை. நீளக் குழல் மாதிரியான பூவுக்குள் இருக்கும் தேன், இரவில் வரும் அந்துப்பூச்சிக்குத்தான் எட்டும். தேனீக்குப் பிடித்தது துளசியும் திருநீற்றுப்பச்சிலையும். கதிர் விட்டால் செடி முற்றிப் போகும் என்று கிள்ளி விடுகிறோமே, மாடத்துத் துளசிக்கு அது சரி. புறவாசலில் இரண்டு செடியையாவது கதிர் விட விடுங்கள். ஐப்பசி மழையில் கொத்தமல்லி தூவி, சமையலுக்குக் கிள்ளியது போக மீதியைப் பூக்க விடலாம். பூச்சிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிப்பதானால் சாயங்காலம், தேனீ கூடு திரும்பிய பிறகு தெளியுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையில் எங்கள் தோட்டம் முழுக்க வண்டல் மூடிப் போச்சு. அப்புறம் போட்ட பூசணிக்கு ஒரு தேனீகூட வரவில்லை. நானே ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துப் பெண் பூவில் தடவித்தான் நாலு காய் பார்த்தேன். மண்ணுக்குள் கிடந்த விதையில் முளைத்த திருநீற்றுப்பச்சிலை பூத்த பிறகுதான் அந்த ரீங்காரம் திரும்ப வந்தது.

"கைப்பிள்ளை இருக்கிற வீட்டில் இதை விருந்துக்கு அழைக்கவா, மைனி?" என்றாள் அடுத்த வீட்டுப் பெண். நியாயமான பயம்தான். பூவில் மேயும் தேனீயை அமுக்கினாலொழிய அது சாதாரணமாகக் கொட்டாது. கூட்டைக் கலைத்தால்தான் ஆபத்து. கொட்டிவிட்டால் முள்ளை உடனே நகத்தால் வழித்தெடுத்து, குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வையுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ கை வைத்தியம் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்.

அவளிடம் இன்னொன்றும் சொன்னேன். எவ்வளவு நல்ல தேன் கிடைத்தாலும் ஒரு வயசு நிறையாத பிள்ளையின் நாக்கில் ஒரு சொட்டுக்கூடத் தடவக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி நம் வயிற்றில் சும்மா இருக்கும். பிஞ்சு வயிற்றில் விஷமாகிவிடும். சேனை வைக்கிறேன் என்று யார் வந்தாலும் விடாதீங்க, பெரியவங்க கோபித்தாலும் பரவாயில்லை.