பணம் ஜனங்களுடையது, நாற்காலி முதலாளிகளுடையதா?

புதிய இயந்திரம் வாங்கப் பணம் வேண்டுமா? சர்க்கார் தரும். சோதனைச் சாலை கட்ட வேண்டுமா? சர்க்கார் தரும். ரஸ்தா, தண்ணீர், மின்சாரம்? அதற்கும் ஒரு திட்டம் உண்டு. தொழிலாளி கூலி உயர்வு கேட்டால் மட்டும், “தொழில் நசிந்துவிடும்” என்று முதலாளியும் மந்திரியும் ஒரே குரலில் பாடுகிறார்கள்!

ஒரே தொழிலைச் செய்யும் பட்டறைகள் ஒரு வட்டாரத்தில் நெருங்கியிருந்தால் அதற்குச் சர்க்கார் பாஷையில் ‘குழுமம்’ என்று பெயர். அங்கே ‘புத்தாக்கம்’ வளர வேண்டுமென்று கஜானா திறக்கிறது. குறு, சிறு தொழில் குழுமத் திட்டத்தில் பொது வசதி மையம் அமைக்க மத்திய சர்க்கார் செலவில் பொதுவாக 70 சதவிகிதம் வரை மானியம் தருகிறது. 2005-ல் தொடங்கிய ஜவுளிப் பூங்காத் திட்டத்தில் செலவில் 40 சதவிகிதம், ஒரு பூங்காவுக்கு 40 கோடி ரூபாய் வரை கொடுக்கப்பட்டது.

இது யார் பணம்? சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் வரி கட்டுகிற நம் பணம். இதை வாங்கிச் செலவழிக்க ஒரு அமைப்பு வேண்டும். அதன் அங்கத்தினர்கள் யார்? ஆலை, பட்டறைச் சொந்தக்காரர்கள். அங்கே வேலை செய்கிறவனுக்கு நாற்காலி இல்லை. அந்த ஆலையின் கழிவு நீர் எவன் வயலில் பாய்கிறதோ, அவனுக்கும் இல்லை.

இதனால் விளைந்தது என்ன? திருப்பூரைப் பாருங்கள்.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் ஜில்லாவில் காவிரியோடு கலக்கிறது நொய்யல். அந்தக் கரையில்தான் பனியன் தொழில் வளர்ந்தது. வெளிநாட்டு ஆர்டர்கள் குவிந்தன. சாயப்பட்டறைகள் நூற்றுக்கணக்கில் எழுந்தன. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். மூட்டை மூட்டையாகக் கொட்டிய உப்பு, சாயத் தண்ணீரோடு ஆற்றில் போய்ச் சேர்ந்தது.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்ட மத்திய, மாநில சர்க்கார்கள் மானியம் கொடுத்தன. நிலையங்கள் எழுந்தன. நடந்தது என்ன? தண்ணீரின் நிறம் குறைந்தது. உப்பு அப்படியே போயிற்று. கண்ணுக்குத் தெரிந்ததை மறைத்தார்கள். மண்ணைக் கொல்வதை விட்டுவிட்டார்கள்.

1992-ல் பாசனத்துக்காக ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டப்பட்டது. பயிருக்குத் தண்ணீர் தேக்கக் கட்டிய அணை, சாயக் கழிவைத் தேக்கும் தொட்டியாயிற்று. அணை கேட்ட விவசாயிகளே, “இந்தத் தண்ணீரை எங்கள் நிலத்தில் விடாதே” என்று கையெடுத்துக் கும்பிடும் நிலை வந்தது. கிணறுகள் உப்புக் கரித்தன. விளைச்சல் போனது. களையெடுக்கவும் நாற்று நடவும் கூப்பிட ஆளில்லாமல் போகவே, விவசாயத் தொழிலாளியின் பிள்ளை எங்கே போவான்? ஆற்றைக் கெடுத்த அதே திருப்பூருக்குத்தான் கூலி தேடிப் போக வேண்டும்!

நஷ்ட ஈடு கொடுக்கவில்லையா என்பார்கள். கொடுத்த லட்சணத்தைக் கேளுங்கள். 2004-ல் அதற்கென்று அமைந்த ஆணையம் 68 கிராமங்களில் 28,596 விவசாயிகளுக்குச் சுமார் 24 கோடியே 80 லட்சம் ரூபாய் என்று நிர்ணயித்தது. வகுத்துப் பாருங்கள்: தலைக்கு 8,700 ரூபாய் கூட வரவில்லை. ஒரு தலைமுறையின் மண்ணுக்கு இதுதான் விலை! அதுவும் நிலம் உள்ளவனுக்கு. அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த கூலியாளின் பெயர் எந்தக் கணக்கில் இருக்கிறது?

விவசாயிகள் ஓயவில்லை. கோர்ட்டுக்குப் போனார்கள், ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். 2006 டிசம்பரில் சென்னை ஹைகோர்ட், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக் கூடாது என்று உத்தரவிட்டது. விடுகிறவர்கள் லிட்டருக்கு 6 காசு முதல் அபராதம் கட்ட வேண்டும் என்றது. 2009-ல் சுப்ரீம் கோர்ட்டும் விவசாயிகள் பக்கமே தீர்ப்பளித்தது. அப்படியும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28-ந் தேதி ஹைகோர்ட் சாயப்பட்டறைகளையும் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. நூற்றுக்கணக்கான பட்டறைகளில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது.

தவறு செய்தவன் முதலாளி. தண்டனை யாருக்கு விழுந்தது? முதல் அடி தொழிலாளிக்கு! வேலை நின்றது. எத்தனையோ குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் பஸ் ஏறின. அதே ஆண்டில் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மாநில சர்க்கார் 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. அந்தக் கடனில் வேலையிழந்த நாளுக்குக் கூலி என்று ஒரு காசு உண்டா? கிடையாது.

இதே திருப்பூரில் 1984-ல் பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளிகள் 127 நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள். கூலியின் ஒரு பங்கைக் கேட்க 127 நாள் பட்டினி! ஆற்றைக் கொன்றவர்களுக்கு 200 கோடி, அதுவும் வட்டியில்லாமல்! இந்த இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்கும்படி ஒவ்வொரு தொழிலாளியையும் கேட்டுக்கொள்கிறோம்.

இன்று திருப்பூர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் கழிவிலிருந்து தண்ணீரைப் பிரித்தெடுத்து மீண்டும் சாயமேற்றப் பயன்படுத்துகின்றன, உப்பையும் மீட்கின்றன. நல்ல காரியம், நாம் குறை சொல்லவில்லை. இதைக் காட்டி ஏற்றுமதி முதலாளிகள் மார்தட்டிக்கொள்கிறார்கள். நாம் கேட்கிறோம்: இந்தப் புதுமை யாருடைய மூளையில் உதித்தது? மானியம் வாங்கிய காலத்தில் ஏன் உதிக்கவில்லை? கரூர் விவசாயி வழக்குப் போட்ட பிறகுதானே உதித்தது! நெருக்கியவன் விவசாயி, பணம் ஜனங்களுடையது, இரவும் பகலும் அந்த இயந்திரங்களை ஓட்டுகிறவன் தொழிலாளி. பெயரும் லாபமும் மட்டும் முதலாளிக்கு!

“அப்படியானால் நீங்கள் தொழில் வளர்ச்சிக்கு விரோதிகளா?” என்று கேட்பார்கள். இல்லை. தொழில் வளரட்டும், அதற்குச் சர்க்கார் பணமும் போகட்டும். பெரிய ஏற்றுமதியாளனிடம் ஆர்டர் வாங்கிக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சிறு பட்டறைக்காரனுக்கும் உதவி வேண்டும், அவனும் நசுக்கப்படுகிறவன்தான். ஆனால் ஜனங்களின் பணம் நிபந்தனையில்லாமல் போகக் கூடாது. நம் கோரிக்கைகள் இவை:

1. சர்க்கார் பணம் பெறும் ஒவ்வொரு குழும அமைப்பிலும் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கும், ஆற்றோர விவசாயிகள், விவசாயத் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கும் ஓட்டுரிமையுள்ள இடம் வேண்டும்.

2. குறைந்தபட்சக் கூலி, பி.எப்., இ.எஸ்.ஐ. கொடுக்காத முதலாளிக்கு மானியம் கூடாது. காண்ட்ராக்ட் தொழிலாளியும் வடக்கிலிருந்து வந்த தொழிலாளியும் இந்தக் கணக்கில் சேர வேண்டும்.

3. ஜவுளிப் பூங்காத் திட்டத்தின் காகிதத்திலேயே குழந்தைகள் காப்பகம், உணவகம், தொழிலாளர் விடுதி என்று எழுதியிருந்தார்கள். எங்கே அவை? இனி அவை கட்டிய பிறகே இயந்திரத்துக்குப் பணம்!

4. வரவு செலவுக் கணக்கும் கழிவு நீர்ச் சோதனை முடிவும் கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும்.

5. ஆலை மூடும்போது சர்க்கார் கை கொடுத்தால், முதல் தவணை தொழிலாளியின் கூலிக்கு.

ஆலைத் தொழிலாளிகளே! நொய்யல் வழக்கு நடந்தபோது, “விவசாயி உன் வேலையைப் பறிக்கிறான்” என்று உங்களிடம் சொன்னார்கள். விவசாயத் தொழிலாளிகளே! “ஆலைக்காரன் உன் வயலைக் கெடுத்தான்” என்று உங்களிடம் சொன்னார்கள். சாயத் தொட்டியருகே நிற்கிறவனும், உப்புப் பூத்த வயலில் நிற்கிறவனும் பல குடும்பங்களில் அண்ணன் தம்பி. ஒருவனை ஒருவன் மேல் ஏவிவிட்டு மானியத்தைச் சுருட்டினார்கள்.

அடுத்த குழுமத்துக்கு அடிக்கல் நாட்ட மந்திரி வரும்போது, ஆலைச் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் ஒரே மகஜரோடு போய் நிற்கட்டும். பணம் நம்முடையது; நாற்காலியும் நமக்கு வேண்டும்!