மெட்டல் டிடெக்டர் ‘பீப்’ அடித்தால் உடனே தோண்டலாமா? ஜவ்வாது மலை சொல்லும் பாடம்!

2025 நவம்பர். திருவண்ணாமலை மாவட்டம், ஜவ்வாது மலையில் இருக்கும் கோவிலூர். பழைமையான சிவன் கோயிலில் திருப்பணிக்காகப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள் தொழிலாளர்கள். மண்ணுக்குள்ளிருந்து சிறிய மண்பானை ஒன்று வெளியே வந்தது. உள்ளே... 103 தங்கக் காசுகள்!

இப்படி ஒரு செய்தியைப் படித்தால், ‘நம்ம நிலத்துலயும் ஏதாவது கிடக்குமோ?’ என்ற ஆசை யாருக்குத்தான் வராது? அதிலும் அதே மலையில், திருப்பத்தூர் மாவட்டப் பக்கம் இருக்கும் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு போன்ற இடங்களில் சாமையும் நெல்லும் விதைக்கும் குடும்பங்களுக்குக் கேட்கவே வேண்டாம். போதாக்குறைக்கு, சில ஆயிரம் ரூபாய் இருந்தால் மெட்டல் டிடெக்டரை ஆன்லைனில் ஆர்டர் செய்துவிடலாம். யூடியூபைத் திறந்தால் வெளிநாட்டுக்காரர்கள் வயலில் நடந்து நடந்து காசு எடுக்கும் வீடியோக்கள் வரிசை கட்டுகின்றன.

நல்ல பொழுதுபோக்குதான். ஆனால், கருவியை வாங்குவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன.

எப்படி வேலை செய்கிறது?

கருவியின் அடியில் இருக்கும் வட்டமான தலைக்குள் ஒரு கம்பிச் சுருள் உண்டு. அதில் மின்சாரம் பாயும்போது மண்ணுக்குள் காந்தப்புலம் இறங்குகிறது. கீழே உலோகம் இருந்தால் அதற்குள் சின்ன மின்னோட்டம் உண்டாகி, பதில் சமிக்ஞை மேலே வரும். அதுதான் நமக்குக் கேட்கும் ‘பீப்’.

1881-ல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடம்புக்குள் இருந்த துப்பாக்கிக் குண்டைத் தேட, தொலைபேசி புகழ் அலெக்சாண்டர் கிரஹாம் பெல் இப்படி ஒரு கருவியோடு போனார். குண்டு அகப்படவில்லை. கட்டிலில் இருந்த இரும்புச் சுருள்களும் கருவியைக் குழப்பிய காரணங்களில் ஒன்று. இன்றைக்கும் அதே பாடம்தான். கையில் மண்வெட்டி, காலில் இரும்பு லாடம் வைத்த ஷூ, பையில் சாவிக்கொத்து என்று போனால் கருவி பொய் சொல்லும்.

முதல் பயிற்சி வீட்டுக் கொல்லையில்!

* ஓர் இரும்பு ஆணி, பித்தளை நாணயம், பழைய வெள்ளிக் கொலுசு, சாக்லேட் சுற்றிய அலுமினியத் தாள் ஆகியவற்றை 5, 10, 15 செ.மீ ஆழங்களில் புதைத்து, எதற்கு என்ன சத்தம் வருகிறது என்று காதைப் பழக்குங்கள். ஹெட்போன் இருந்தால் மெல்லிய சத்தமும் தப்பாது.
* பயிற்சிக்கு ஒரு ரூபாய் நாணயம் வேண்டாம். இப்போதைய ஒரு ரூபாய், காந்தம் பிடிக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலால் ஆனது. கருவி அதை இரும்பு என்று நினைக்கலாம்.
* அலுமினியத் தாளும் தங்க மோதிரமும் பல கருவிகளில் கிட்டத்தட்ட ஒரே சத்தத்தைத் தரும். பத்துக் குப்பை எடுத்தால்தான் ஒரு பொருள். பொறுமை முக்கியம்.
* தலையைத் தரையோடு ஒட்டினாற்போல, மெதுவாக, ஒரே உயரத்தில் வீசுங்கள். ஒரு வீச்சு அடுத்ததன் மேல் பாதி படிய வேண்டும்.
* இரும்புச்சத்துள்ள செம்மண்ணில் வெறும் மண்ணே ‘பீப்’ அடிக்கும். ‘கிரவுண்ட் பேலன்ஸ்’ வசதி உள்ள கருவியில் முதலில் அந்த மண்ணுக்கு ஏற்றபடி சரிசெய்துகொள்ள வேண்டும்.

சாதாரணக் கருவி ஒரு காசைக் கண்டுபிடிக்கும் ஆழம் ஒரு சாண் அளவுதான். ‘நூறு அடி ஆழத் தங்கத்தையும் காட்டும்’ என்று யாராவது விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். இரிடியம், அரிசி இழுக்கும் கலசம் என்று சொல்லி மக்களின் பணத்தைச் சுருட்டும் மோசடிகளின் பங்காளிதான் இதுவும்.

‘வெறும் இரும்புதானே!’

பல கருவிகளில் இரும்பின் சத்தத்தை மட்டும் அணைத்து வைக்கும் வசதி உண்டு. துருப்பிடித்த ஆணிக்கெல்லாம் குனிய வேண்டாமே என்பதற்காக. நம் ஊரில் இங்கேதான் சிக்கல்.

தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் தொல்லியல் துறை எடுத்தவை துருவேறிய இரும்புப் பொருள்கள். அவற்றோடு கிடைத்த கரித்துண்டுகளையும் பானை ஓடுகளையும் ஆய்வுக்கூடங்களில் காலக்கணிப்பு செய்தார்கள். கி.மு. 3345 வரை போகும் காலம் கிடைத்தது. 2025 ஜனவரி 23 அன்று தமிழக அரசு வெளியிட்ட ‘இரும்பின் தொன்மை’ அறிக்கை உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது இதனால்தான்.

யோசித்துப் பாருங்கள். அதே இரும்பை யாரோ ஒருவர் டிடெக்டரோடு போய்த் தோண்டி எடுத்திருந்தால்? பக்கத்தில் இருந்த கரியும் ஓடும் மண்ணோடு கலந்திருக்கும். கையில் மிஞ்சியிருப்பது எடைக்குப் போடும் துருத்துண்டு. பொருளுக்கு வயது சொல்வது அது கிடந்த இடம். இடத்தைக் கலைத்துவிட்டால் வயதும் போய்விடும்.

புதிய கற்காலக் கற்கோடரிகளும் நடுகற்களும் கிடைத்த மலை ஜவ்வாது மலை. புதையல் ஆசையில் இரவோடு இரவாக நடுகல்லின் அடியில் தோண்டினால், சாய்வது கல் மட்டுமல்ல. அந்த ஊரின் கதையும்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1878-ல் வந்த இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே, கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். என்ன பொருள், தோராய மதிப்பு, எந்த இடம், எந்தத் தேதி ஆகிய எல்லாம் அதில் இருக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். கிடைக்க வேண்டிய பங்கும் அரசுக்குப் போய்விடும்.

‘சொன்னால் எல்லாம் போய்விடும்’ என்ற பயம் பலருக்கு உண்டு. சட்டம் அப்படி இல்லை. உரிமையாளர் இல்லாத புதையல் என்று கலெக்டர் அறிவித்து, நிலம் இன்னொருவருடையதாக இருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. அரசே எடுத்துக்கொள்ள நினைத்தால், உலோகத்தின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

இங்கிலாந்தில் நடந்த இரண்டு சம்பவங்களைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். 2009-ல் ஸ்டாஃபோர்ட்ஷையர் வயலில் தங்கப் புதையலைக் கண்ட டெர்ரி ஹெர்பர்ட் முறைப்படி தகவல் சொன்னார். 32 லட்சம் பவுண்டுக்கும் மேலான தொகை அவருக்கும் நில உரிமையாளருக்கும் பகிரப்பட்டது. 2015-ல் ஹெரிஃபோர்ட்ஷையரில் கிடைத்ததை மறைத்து விற்ற இருவருக்கு 2019-ல் கிடைத்தது நீண்ட சிறைத்தண்டனை.

இவற்றை மறக்காதீர்கள்!

* சொந்த நிலம், அல்லது உரிமையாளர் சம்மதித்த நிலத்தில் மட்டும் தேடுங்கள்.
* பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்கள், கோயில்கள், நடுகற்கள், கல்திட்டைகள் பக்கம் கருவியோடு போகவே வேண்டாம்.
* மலையில் பெரும்பகுதி காப்புக்காடு. வனத்துறை அனுமதியில்லாமல் நுழைவதும் தோண்டுவதும் குற்றம்.
* தோண்டிய குழியை மூடுங்கள். மாட்டின் கால் அதில் சிக்கக் கூடாது.
* பழைய பொருள் கண்ணில் பட்டால் அங்கேயே நிறுத்துங்கள். கழுவவோ சுரண்டவோ வேண்டாம். போட்டோ எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, வி.ஏ.ஓ அல்லது தாசில்தாரிடம் சொல்லுங்கள். அவர்கள் மூலம் கலெக்டருக்குப் போகும்.

களை எடுக்கும்போது அம்மா தொலைத்த கம்மல், கிணற்றடியில் விழுந்த அண்ணியின் மெட்டி... இவற்றைத் தேடிக் கொடுத்துப் பாருங்கள். வீட்டில் கிடைக்கும் பாராட்டு புதையலுக்குக் குறைந்ததல்ல. அதற்கு எந்த அனுமதியும் கேட்க வேண்டியதில்லை!