கல்லூரிக் கூடைப்பந்தும் கடவுச்சீட்டும்

2015-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 13-ஆம் தேதி, தென்கொரியாவின் குவாங்ஜு நகரத்தில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டு விழாவின் ஆடவர் கூடைப்பந்து இறுதி ஆட்டத்தில், நாற்பது நிமிஷ ஆட்டமும் அதன் மேல் ஐந்து நிமிஷக் கூடுதல் ஆட்டமும் முடிந்த பிறகும் வெற்றி யாருக்கென்று தீராமல், இரண்டாம் முறையும் கூடுதல் நேரம் கொடுக்கப்பட்டு, அதற்குப் பின்னரே அமெரிக்க அணி ஜெர்மானிய அணியை 84-77 என்ற கணக்கில் வென்று தங்கப் பதக்கம் பெற்றது. கூடைப்பந்திலே அமெரிக்கா வெல்வதில் என்ன விசேஷம் என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால், 2005-இல் துருக்கியின் இஸ்மீர் நகரத்தில் வென்ற தங்கத்துக்குப் பிறகு பத்தாண்டு காலம் அந்தத் தேசத்துக்கு இவ்விழாவில் முதல் ஸ்தானம் கிட்டவில்லை என்பதையும், குவாங்ஜுவுக்குச் சென்றது பல கல்லூரிகளிலிருந்து பொறுக்கி எடுத்த நட்சத்திரக் கூட்டமன்று, கான்சஸ் சர்வகலாசாலை என்னும் ஒரே கல்வி ஸ்தாபனத்தின் அணி என்பதையும் அறிந்தவர்கள், அந்த வெற்றியைச் சாதாரணமாக எண்ணமாட்டார்கள்.

ஒரே கல்லூரியின் அணியை அப்படியே தேசத்தின் பிரதிநிதியாக அனுப்பும் இந்த முறையை நான் மனப்பூர்வமாக ஆதரிக்கிறேன். ஒன்றாக உண்டு, ஒரே விடுதியில் உறங்கி, ஒரே ஆசானிடம் அதட்டு வாங்கி வளர்ந்த பிள்ளைகளுக்குள் உண்டாகும் பரஸ்பர அறிவு, சில வாரப் பயிற்சி முகாமில் உண்டாவதில்லை. 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் சோவியத் ரஷ்யாவை 36-25 என்று வென்ற அமெரிக்க அணியிலும் கான்சஸ் மாணாக்கர் எழுவர் இருந்தார்கள் என்பதை இங்கே நினைவுகூரலாம். குவாங்ஜுவுக்குப் பின்னரும் இந்த வழக்கம் தொடர்ந்தது. 2017-இல் தைப்பேய் நகரத்துக்குச் சென்ற பர்டியூ சர்வகலாசாலை வெள்ளியும், 2019-இல் நேப்பிள்ஸ் நகரத்துக்குச் சென்ற கிளெம்சன் சர்வகலாசாலை தங்கமும் பெற்றுத் திரும்பின.

இந்த ஒற்றுமையின் பயன் எங்கே தெரியுமென்றால், அந்நிய விதிகளின் கீழ் ஆட நேரும்போது தெரியும். அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் அந்நாளில் ஓர் அணி பந்தை 35 விநாடி தன்வசம் வைத்திருக்கலாம். சர்வதேச விதியோ 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும் என்கிறது. மூன்று புள்ளிக் கோடும் சர்வதேச ஆடுகளத்தில் சற்றே விலகி, 6.75 மீட்டர் தூரத்தில் இருந்தது. (நான்கு ஆண்டுகள் கழித்துக் கல்லூரிகளும் அந்தக் கோட்டையே ஏற்றுக்கொண்டன.) இவற்றையெல்லாம் விடக் கடினமானது வளையத்தின் மேல் தத்தளிக்கும் பந்து. எறியப்பட்ட பந்து இரும்பு வளையத்தில் பட்டு, விளிம்பின்மேல் உருண்டு, உள்ளே விழுவதா வெளியே விழுவதா என்று தடுமாறும் அரை விநாடியில், அமெரிக்கக் கல்லூரி மாணாக்கன் கையைக் கீழே வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும், தொட்டால் குற்றம். சர்வதேச விதியிலோ, பந்து வளையத்தைத் தொட்டுவிட்டால், இரு தரப்பாரில் எவனும் அதைத் தட்டி உள்ளே தள்ளலாம், அல்லது வெளியே வீசலாம். பள்ளிப் பருவம் முதல் கையை அடக்கியே பழகிய ஒருவன், எதிரே நிற்கும் ஐரோப்பிய இளைஞன் எவ்விதக் கூச்சமுமின்றிப் பந்தை விளிம்பிலிருந்து விலக்குவதைக் கண்டு திகைத்து நிற்பான். அந்தத் திகைப்பைப் போக்குவது கரும்பலகைப் பாடமன்று. பக்கத்தில் ஓடிவரும் தோழனின் குரல். அந்தக் குரலுக்கு யோசியாமல் உடம்பு கட்டுப்பட வேண்டுமானால், அது நெடுநாள் பழகிய குரலாக இருக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகுதான், என் மனத்தை உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். கான்சஸ் அணி முழுமையாகக் குவாங்ஜுவுக்குப் போகவில்லை. இருவர் காயத்தாலும் சிகிச்சையாலும் தங்கிவிட்டார்கள். அதற்கு மனிதர்கள் பொறுப்பல்லர். வேறு இருவர் தடுக்கப்பட்டது உடற்குறையால் அன்று. ஸ்வியாட்டோஸ்லாவ் மிகைலியுக் உக்ரேன் நாட்டுப் பிரஜை. அந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த செய்க் டியாலோ ஆப்பிரிக்காவின் மாலி தேசத்தவர். தேசத்தின் பிரதிநிதியாக ஆடுபவன் அந்தத் தேசத்தின் பிரஜையாக இருக்க வேண்டும் என்பது அவ்விழாவின் விதியாதலால், இருவருக்கும் இடமில்லாமல் போயிற்று. அணியை நிரப்புவதற்காக டல்லாஸ் நகரத்து சதர்ன் மெதடிஸ்ட் சர்வகலாசாலையின் நிக் மூரையும், புளோரிடா கல்ஃப் கோஸ்ட் சர்வகலாசாலையின் ஜூலியன் டிபோஸையும் சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் இருவரும் நன்றாகவே ஆடினார்கள்; அவர்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆனால் கான்சஸின் வகுப்பறையில் ஒரு நாளும் உட்காராதவர் கான்சஸ் மாணாக்கரோடு ஆடலாம், கான்சஸ் மாணாக்கராகவே இருப்பவர் ஆடக்கூடாது என்னும் நிலை, மாணவர்களுக்கென்றே ஏற்பட்ட ஒரு விழாவில் எப்படி நியாயமாகும்? கல்லூரியின் அணி என்ற பெருமைக்காக அனுப்பிவிட்டு, கல்லூரியில் சேர்ந்தவன் என்ற தகுதியை மட்டும் கணக்கில் எடுக்காமல் விடுவது, அந்தப் பெருமையின் வேரையே அறுப்பதாகும்.

கூடைப்பந்தின் பூர்வ சரித்திரத்தை அறிந்தவர்களுக்கு இது இன்னும் அதிக வருத்தத்தைத் தரும். 1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், மாஸாசூஸெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிக் கல்லூரியில், குளிர்காலத்தில் வெளியே போக வழியின்றி அடைபட்டுக் கிடந்த மாணாக்கர்களின் சோம்பலையும் குறும்பையும் தணிப்பதற்காக, ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் இரண்டு பீச் பழக் கூடைகளைப் பத்தடி உயரத்தில் மாடக் கைப்பிடியில் அடித்து, 13 விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டி, பக்கத்துக்கு ஒன்பது பேராகப் பதினெட்டு மாணாக்கரை ஆடவிட்டார். அந்தப் பதினெட்டுப் பேரில் எல்லோருமே அமெரிக்கராக இருக்கவில்லை. கனடா தேசத்தவர் சிலர் இருந்தார்கள். கென்ஸாபுரோ இஷிகாவா என்ற ஜப்பானிய மாணாக்கரும் இருந்தார். உலகில் நிகழ்ந்த முதல் கூடைப்பந்து ஆட்டமே, பல தேசத்து இளைஞர் ஒரு கல்லூரியின் கூரைக்கடியில் சகபாடிகளாய்க் கூடி ஆடிய ஆட்டம். இன்றைய விதி அன்றைக்கு இருந்து, அந்த வகுப்பை அப்படியே ஒரு சர்வதேசப் போட்டிக்கு அனுப்பியிருந்தால், இஷிகாவாவையும் கனடியரையும் ஓரத்தில் உட்கார வைத்துவிட்டுத்தான் அனுப்பியிருக்க வேண்டும்.

நெய்ஸ்மித் தாமே கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் பிறந்தவர். அவர் 1898-இல் கான்சஸ் சர்வகலாசாலைக்கு வந்து அங்கே முதல் கூடைப்பந்துப் பயிற்சியாளராக இருந்தார். அவர் அமெரிக்கப் பிரஜையானதோ 1925-இல்தான். அந்தக் கல்லூரியின் கூடைப்பந்துக்கு அஸ்திவாரம் போட்டவர், அஸ்திவாரம் போட்ட காலத்தில், அந்நியர். அவர் இயற்றிய 13 விதிகள் தட்டெழுதப்பட்ட அந்த மூலத்தாள்கள் 2010-இல் ஏலத்துக்கு வந்தபோது, அச்சர்வகலாசாலையின் பழைய மாணாக்கர் ஒருவர் 40 இலட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கித் தம் கல்லூரிக்கே கொணர்ந்து சேர்த்தார். பந்தை முஷ்டியால் குத்தலாகாது, எதிரியைத் தோளால் இடிக்கலாகாது, பந்தோடு ஓடலாகாது என்றெல்லாம் கூறும் அந்தப் பதின்மூன்றில், ஆடுபவன் எந்த ஊர்க்காரனாக இருக்க வேண்டும் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நம்முடைய ஊருக்கும் இதில் ஒரு பந்தம் உண்டு. சென்னையில் 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கி, நந்தனத்தில் இன்றும் தழைத்திருக்கும் அந்த ஸ்தாபனத்துக்குத் தம் ஆயுளை அர்ப்பணித்த ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர், அதே ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் பயின்று வந்தவர். அந்நிய தேசத்து மனிதர் ஒருவர் நம் இளைஞர்களோடு கலந்து நின்று பயிற்றியதன் பலனைத் தமிழ்நாட்டின் பள்ளிக்கூட ஆடுகளங்கள் மூன்று நான்கு தலைமுறையாக அனுபவித்து வருகின்றன. கல்லூரி என்னும் மதிலுக்குள் நுழைந்தவனிடம் நீ எந்த தேசம் என்று கேளாமல் அவனைத் தன்னவனாக்கிக்கொள்ளும் பண்பை நாம் நன்கு அறிவோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1959-இல் இத்தாலியின் டூரின் நகரில் இந்த விழாவைத் தொடங்கியவர்கள், வென்றவர்கள் பதக்க மேடையில் நிற்கும்போது அவரவர் தேசிய கீதம் ஒலிக்கக்கூடாது, ஐரோப்பிய மாணாக்கர் நெடுங்காலமாகப் பாடிவந்த லத்தீன் பாட்டு ஒன்றே எல்லோருக்கும் பொதுவாக ஒலிக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். உலக யுத்தத்தின் நாசம் கண்முன் இருந்த காலத்தில், மாணாக்கன் என்ற ஸ்தானம் தேசம் என்ற எல்லைக்கு அப்பாற்பட்டது என்று அவர்கள் உணர்ந்திருந்தார்கள். அந்த உயர்ந்த சம்பிரதாயத்தைப் பதக்க மேடையில் மட்டும் நிறுத்திவிட்டு, வாயிலில் கடவுச்சீட்டைக் காட்டச் சொல்வது பொருந்தாது.

இதற்கு ஆட்சேபங்கள் உண்டு. அவை அற்பமானவையும் அல்ல. முதலாவது, கொடியைப் பற்றியது. அமெரிக்கா என்று எழுதிய சட்டையை உக்ரேனியர் அணிவதா என்பார்கள். இது அபிமானத்தைச் சார்ந்த கேள்வி. ஒலிம்பிக்கிலும் உலகக் கோப்பையிலும் அதற்குரிய இடம் இருக்கிறது, அங்கே அது இருக்கட்டும். மாணவர் விழாவில் சட்டையின் முன்புறம் தேசத்தின் பெயரோடு கல்லூரியின் பெயரையும் பொறித்துவிட்டால், இந்த ஆட்சேபத்தின் வலு பாதி குறைந்துபோகும். டோக்கியோவில் 2022-இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கூடைப்பந்துப் போட்டியில் ஆசியக் கல்லூரிகள் தத்தம் பெயரிலேயே வந்து ஆடுகின்றன. அமெரிக்கக் கல்லூரிகளுக்கும் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை அந்நிய நாடுகளுக்குச் சென்று தம் பெயரில் ஆட அனுமதியுண்டு. அத்தகைய யாத்திரைகளில் அந்நிய மாணாக்கரும் மற்றவர்களோடு சேர்ந்தே ஆடுகிறார்கள். அதனால் எந்தத் தேசத்தின் மானமும் குறைந்ததாகத் தெரியவில்லை.

இரண்டாவது ஆட்சேபம் பணத்தைப் பற்றியது. இதுதான் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. 2021-ஆம் ஆண்டு முதல் அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் விளம்பரங்களுக்குக் கொடுத்துப் பொருள் ஈட்டலாம் என்றாயிற்று. 2025 ஜூலை முதல் கல்லூரிகளே அவர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்றும் ஆகிவிட்டது. ஐரோப்பாவில் தொழில்முறைச் சங்கங்களில் ஆடித் தேர்ந்த இளைஞர்கள் இப்போது அமெரிக்கக் கல்லூரிகளை நாடி வருகிறார்கள். இந்த நிலையில் பிரஜையல்லாதவருக்கும் கதவைத் திறந்துவிட்டால், செல்வம் மிக்க கல்லூரி எதுவும் உலகெங்கும் ஆள் திரட்டி, போட்டிக்கு இரண்டு மாதம் முன்பு பெயரைப் பதிவு செய்து, பதக்கத்தை விலைக்கு வாங்குவதுபோல் வாங்கிவிடும் அல்லவா? செர்பியாவும் லிதுவேனியாவும் தாம் வளர்த்த பிள்ளைகளுக்கு எதிராகவே ஆட நேரும் அல்லவா? இந்த அச்சம் நியாயமானது. ஆகையால் கட்டின்றித் திறந்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

ஒரு தேசம் ஒரே கல்லூரியின் அணியை முழுதாக அனுப்பும்போது மட்டும், அந்தக் கல்லூரியில் குறைந்தது ஒரு முழுக் கல்வியாண்டு படித்துப் பரீட்சை எழுதித் தேறியிருக்கும் அந்நிய மாணாக்கரை, அணிக்கு இருவர் என்ற வரம்போடு, ஆட அனுமதிக்கலாம். அம்மாணாக்கரைத் தாய்நாடு தன் அணிக்கு அழைத்தால், அந்த அழைப்புக்கே முதலிடம். தாய்நாடு அணி அனுப்பாவிட்டாலோ, அழைக்காவிட்டாலோ, அவன் தன் தோழர்களோடு செல்லட்டும். இவ்வளவுதான் நான் கேட்பது. இந்த விதி 2015-இல் இருந்திருந்தால் மாலி தேசத்து டியாலோவுக்கு இடம் கிடைத்திராது. அவர் அப்போதுதான் கல்லூரிக்கு வந்திருந்தார், தோழர்களோடு ஒரு பருவம்கூட ஆடியதில்லை. அவர் பொறுத்திருக்க வேண்டியதுதான் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். மிகைலியுக்கின் விஷயம் அப்படியன்று. அவர் முந்திய ஆண்டு முழுவதும் அதே வகுப்பில் படித்து, அதே ஆடுகளத்தில் வியர்வை சிந்தியவர். உக்ரேன் அழைக்காதிருக்குமானால் அவருக்கு உரிய இடம் கான்சஸ் அணியோடுதான்.

2027-ஆம் ஆண்டு இவ்விழா மறுபடியும் தென்கொரியாவுக்கு, சுங்சியோங் பிராந்தியத்துக்கு வருகிறது. எல்லா ஆட்டங்களுக்குமாக விதியைத் திருத்துவது பெரிய காரியம். விழாவை நடத்தும் சம்மேளனத்தின் அங்கத்தினர் பலருடைய சம்மதம் வேண்டும். கூடைப்பந்துக்கு மட்டும், அதிலும் அந்த ஒரு விழாவுக்கு மட்டும், பரீட்சார்த்தமாக இதைச் செய்து பார்க்கலாம். கோரிக்கையை முதலில் எழுப்ப வேண்டியவர்கள் அமெரிக்கக் கல்லூரிகளே. ஏனெனில், தம் மாணாக்கரில் சிலரை விட்டுவிட்டு விமானம் ஏறும் நிலை இன்று அவர்களுக்குத்தான் நேர்கிறது.