டாக்டர் போனைப் பார்த்தா தப்பா?

1/ வாலாஜா பக்கம் ஓபி பார்க்கிற மருத்துவன் நான். போன வாரம் ஒரு அம்மாவுக்கு மருந்து எழுதும் முன் போனை எடுத்து ஒரு நிமிஷம் பார்த்தேன். கூட வந்த மகன் வெளியே போய்ச் சொன்னது எனக்கே கேட்டது: "இவரு போனைப் பார்த்துத்தான் வைத்தியமே பாக்குறாரு!"

2/ அந்தம்மாவுக்கு இதய வால்வு மாத்தியிருக்கு. ரத்தம் உறையாம இருக்க தினமும் வார்ஃபரின். அன்னைக்கு வந்தது வயித்துப்போக்குக்கு. கைப்பழக்கத்துல மெட்ரோனிடசோல் எழுதப் போனேன். ரெண்டும் சேர்ந்தா ரத்தக்கசிவு ஆபத்து. செயலி எச்சரிச்சது, மருந்தை மாத்திட்டேன்.

3/ எம்பிபிஎஸ்ல படிச்ச விஷயம்தான். ஆனா அன்னைக்கு அவங்க எண்பதாவது பேஷண்ட். படிச்சிருக்கிறது வேற, அந்த நொடியில ஞாபகம் வர்றது வேற.

4/ அப்போ எல்லா டாக்டரும் ஏன் இப்படிப் பார்க்கிறதில்ல? போன் பிடிக்காம இல்லைங்க. நடுராத்திரி ஈசிஜியை வாட்ஸ்அப்புல அனுப்பி நிபுணர்கிட்ட கேக்குறவங்கதான் நாங்க. தயக்கம் ரெண்டு. "இதுகூடத் தெரியாதா"ன்னு நீங்க நினைப்பீங்களோங்கிற கூச்சம் ஒண்ணு. பல செயலிகள் எங்ககிட்ட விவரம் மட்டும் வாங்கிக்கும், திருப்பி ஒண்ணும் தராதுங்கிறது இன்னொண்ணு.

5/ திருப்பித் தர்றதுக்கு நம்ம மாநிலத்துலயே உதாரணம் இருக்கு. 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம். உயரம், எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன், பிடிக்காம நிக்க முடியுதா, இவ்வளவுதான் பார்க்கணும். 'டிபி சேவா' செயலியில பதிஞ்சா, நோயாளி ஆபத்தான நிலையில இருக்காரான்னு உடனே சொல்லிடும். இருந்தா, வீட்டுக்கு அனுப்பாம வார்டுல சேர்க்கணும்.

6/ செயலி செய்யறவங்களுக்கு என் கோரிக்கை இதுதான்: ஒரே விவரத்தை மூணு இடத்துல பதியச் சொல்லாதீங்க. நோயாளி எதிர்ல இருக்கும்போதே எங்களுக்கு ஒரு பதில் கொடுங்க. கட்டாயப்படுத்தவே வேணாம், நாங்களே தேடி வருவோம்.

7/ சக மருத்துவர்களுக்கு: போனை மேசைக்கு அடியில மறைக்காதீங்க. "உங்க மாத்திரையோட இது சேருமான்னு பார்க்கிறேன்மா"ன்னு சொல்லிட்டுப் பாருங்க.

8/ உங்களுக்கு: தினமும் போடுற மாத்திரை அட்டை எல்லாத்தையும் கையோட எடுத்துட்டு வாங்க. எந்த மருந்துன்னு தெரியாம எந்தச் செயலியும் காப்பாத்தாது. டாக்டர் ஒரு நிமிஷம் போனைப் பார்த்தா பொறுத்துக்கோங்க. அந்த நிமிஷம் உங்களுக்காகத்தான்.