அஞ்சாத நாடகக் கலைஞர்

சிவகாசிக்கு அண்மையில், வெம்பக்கோட்டை வட்டத்தில் உள்ளது தாயில்பட்டி. பட்டாசுத் தொழிலால் வாழும் ஊர்களுள் அதுவும் ஒன்று. இப்பகுதியில் கோவில் திருவிழாக் காலங்களில் ‘வள்ளி திருமணம்’ நாடகம் விடியவிடிய நடைபெறுவது வழக்கம். பகலெல்லாம் உழைத்துக் களைத்தவர்கள் இரவில் அதனைக் கண்டு களைப்பு நீங்குவர். அதே நாடகத்தைக் கருவியாகக் கொண்டு அயலாட்சியை எதிர்த்த கலைஞர் ஒருவர் அந்தச் சிவகாசியிலேயே பிறந்தார். அவரே விசுவநாத தாசர்.

தாசர் 1886ஆம் ஆண்டு சூன் 16ஆம் நாள் பிறந்தார்; பின்னர்த் திருமங்கலத்தில் வாழ்ந்தார். இளமையிலேயே இசையும் நடிப்பும் அவருக்குக் கைவந்தன. பெண் வேடமாயினும் ஆண் வேடமாயினும் அவர் திறம்பட நடித்தார். அக்காலத்துத் தனி நாடகங்களில் நடிப்பது எளிதன்று. பல ஊர்களிலிருந்து அழைக்கப்பெற்ற நடிகர்கள் ஒத்திகை இன்றியே மேடை ஏறுவர். சங்கரதாசு சுவாமிகள் போன்றோர் இயற்றிய பாட்டும் உரையும் நெஞ்சில் நிற்க வேண்டும். எதிரில் நிற்பவர் தொடுக்கும் வினாவுக்கு அக்கணமே விடை கூறும் கூர்மதியும் வேண்டும். இவையனைத்தும் தாசரிடம் ஒருங்கே அமைந்திருந்தன.

இத்துணைத் திறமும் பொருள் ஈட்டுதற்கு மட்டுமே பயன்பட்டிருந்தால், அவர் பெயர் அவர் காலத்தோடு மறைந்திருக்கும். அவரோ அதனை நாட்டுக்கு உரிமையாக்கினார். தினைப்புனத்தில் பறவை ஓட்டும் கதையை உடையது வள்ளி நாடகம். அதனிடையே, வெள்ளைக் கொக்கைப் பற்றி மதுரகவி பாஸ்கரதாஸ் இயற்றிய பாட்டைத் தாசர் பாடுவார். அக்கொக்கு எது என்பதை மக்கள் உணர்ந்து ஆரவாரிப்பர். காவலரும் உணர்வர்! நாடகங்களை அடக்குதற்கென்றே 1876ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் நடைமுறையில் இருந்த காலம் அது. எனினும் தாசர் பாட்டை நிறுத்தினாரல்லர். அவர் 29 முறை சிறை புகுந்தார் என்பர்.

“நடிகனுக்கு நாட்டு நடப்பு எதற்கு? மக்களை மகிழ்வித்தால் போதாதோ?” என்று வினவுவார் உளர். மகிழ்விப்பது கலையின் கடமையே. அதை மறுப்பார் இலர். ஆனால், ஆயிரம் பேர் செவிசாய்க்கும் பேறு எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. அப்பேற்றினைப் பெற்றவன், தன் முன் அமர்ந்திருப்போர் அடிமைப்பட்டுக் கிடக்கும்போது, இன்பப் பாட்டு மட்டுமே பாடிச் சென்றால் அது நேர்மையாகுமா? தாசர் நாடகத்தின் சுவையையும் குறைக்கவில்லை. சொல்ல வேண்டியதையும் மறைக்கவில்லை. இவ்விரண்டும் ஒருங்கே இயலும் என்பதற்கு அவரே சான்று.

அவர் எதிர்த்து நின்றது அயலாரை மட்டுமன்று. முடி திருத்தும் தொழில் புரிந்த மருத்துவர் குலத்தில் அவர் தோன்றினார். அதனால் அவரோடு இணைந்து நடிக்கச் சில நடிகையர் மறுத்தனர். முருகன் வேடம் பூண்டு நிற்பவரைக் கைகூப்பி வணங்கிய ஊர், வேடம் கலைந்ததும் அவர் குலத்தை வினவியது. என்னே அறியாமை! அந்நிலையில் துணிந்து முன்வந்து அவரோடு நடித்தவர் கே. பி. சானகியம்மாள். விடுதலைப் போரிலும் ஈடுபட்ட அவ்வம்மையார், 1967ஆம் ஆண்டு தமிழகச் சட்டமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார்.

சிறைவாழ்வு தாசரின் வருவாயைக் குலைத்தது. கடனும் நோயும் சூழ்ந்தன. ஆயினும் அவர் மேடையை விட்டாரில்லை. 1940ஆம் ஆண்டு திசம்பர் 31ஆம் நாள் இரவு, சென்னை இராயல் அரங்கில் வள்ளி திருமணம் நடந்தது. முருகனாக மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 54. அவர் பாடிய விடுதலையைக் காண அவர் இருந்தாரில்லை.

திருமங்கலத்தில் அவர் வாழ்ந்த இல்லம் இன்று அரசின் நினைவில்லமாக விளங்குகின்றது. அது போற்றத்தக்கதே. ஆயினும் கலைஞன் புகழடைந்த பின் நினைவில்லம் எழுப்புவதினும், அவன் வாழும் நாளில் குலம் பாராது மதிப்பதே சாலச் சிறந்தது. மேடையில் கலைஞனைக் கண்டு கைதட்டும் ஒவ்வொருவரும், அவன் மேடையை விட்டு இறங்கிய பின்னும் அவனை மனிதனாக மதிக்கக் கற்றல் வேண்டும். தாசருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் அதுவே.