அம்பயர் இல்ல... ரெப்ரி இல்ல... போங்கு அடிக்க முடியுமா? பெசன்ட் நகர் பீச்சில் பறக்கும் தட்டு!

சென்னை: தெரு கிரிக்கெட் ஆடாத ஆள் நம்ம ஊரில் குறைவு. அங்கே சட்டம் ஒண்ணே ஒண்ணுதான். பேட் யாருடையதோ, அவன் அவுட் இல்லைன்னா அவுட் இல்லை! மீறிக் கேட்டால் பேட்டைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவான். ஆட்டம் குளோஸ்.

அம்பயர் இல்லாத இடத்தில் கை ஓங்கியவன் வைத்ததுதான் சட்டம். இது ஊர் அறிந்த கதை.

ஆனால், அம்பயரே வேண்டாம் என்று சட்டப் புத்தகத்திலேயே எழுதி வைத்துக்கொண்டு ஒரு ஆட்டம் நடக்கிறது. சென்னை பெசன்ட் நகர் கடற்கரை மணலிலும் பல வருஷமாக ஆடுகிறார்கள். பெயர் அல்டிமேட் பிரிஸ்பீ. உலக சாம்பியன்ஷிப் பைனல் என்றாலும் இதில் வீரர்களேதான் நீதிபதிகள்.

அப்படியானால் போங்காட்டம் நடக்காதா? அதுதான் கேள்வியே!

தட்டு வச்சு ஒரு ஆட்டம்

175 கிராம் எடையுள்ள பிளாஸ்டிக் தட்டு. புல்தரையில் அணிக்கு 7 பேர், மணலில் 5 பேர். தட்டு கையில் இருப்பவர் ஓடக்கூடாது. 10 எண்ணுவதற்குள் தூக்கிப் போட்டாக வேண்டும். அந்த எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்வது எதிரணிக்காரர்! எல்லைக் கோட்டுக்கு அப்பால் இருக்கும் கட்டத்துக்குள் தன் அணி ஆள் பிடித்தால் ஒரு பாயிண்ட். தட்டு தரையில் விழுந்தால் எதிரணி கைக்குப் போய்விடும்.

1968-ல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் மேப்பிள்வுட் என்ற ஊரில் பள்ளிக்கூடப் பசங்க ஆரம்பித்த ஆட்டம் இது. மனசாட்சிதான் அம்பயர் என்ற வழக்கத்தை பின்னாடி, 1978-ல், விதியாகவே எழுதிவிட்டார்கள். 'ஆட்டத்தின் ஆன்மா' என்று அதற்குப் பெயர்.

ஒரு வார்த்தை போதும்

குப்பத்துப் பையன் ஒருத்தன் தட்டைப் பிடிக்க எகிறுகிறான் என்று வைத்துக்கொள்வோம். எதிரணியில் இருக்கும் சாப்ட்வேர் கம்பெனிக்காரர் கையைத் தட்டிவிடுகிறார். தட்டு கீழே விழுகிறது. பையன் "பவுல்" என்று கத்தினால் ஆட்டம் அங்கேயே நிற்க வேண்டும். அடிபட்டவன் சொன்னால்தான் பவுல். கேப்டன் சொல்ல முடியாது, கோச் சொல்ல முடியாது, பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறவரும் சொல்ல முடியாது.

இப்போது பந்து... இல்லை, தட்டு சாப்ட்வேர்காரர் பக்கம். "ஆமாம்பா, தப்பு என்மேலதான்" என்று அவர் ஒத்துக்கொண்டால், பையன் பிடித்த மாதிரியே கணக்கு. "இல்லை, நான் தொடவே இல்லை" என்றால், "கன்டெஸ்ட்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ரெண்டு பேரும் சில விநாடி பேசிப் பார்க்கலாம். முடிவு வரலையா? தட்டு, தூக்கிப் போட்டவர் கைக்கே திரும்பிப் போகும். அந்த வீச்சே நடக்காத மாதிரி மறுபடி ஆரம்பம். யாருக்கும் முழு வெற்றி இல்லை, யாருக்கும் முழு நஷ்டமும் இல்லை.

பொய் சொன்னா லாபமா?

உண்மையைச் சொன்னால், லாபம்தான். தொட்டுவிட்டு தொடவில்லை என்று சாதித்தால், அந்த நேரத்துக்கு ஒரு பாயிண்ட் தப்பும். இந்த ஆட்டக்காரர்கள் எல்லாரும் அரிச்சந்திரன் பேரன்கள் கிடையாது.

ஆனால் பொய்க்கு ரெண்டு செக் வைத்திருக்கிறார்கள்.

ஒண்ணு, சொந்த அணியே. தன் அணிக்காரன் தப்பாக பவுல் கேட்டால், "டேய், அது பவுல் இல்லைடா" என்று அவனிடமே எடுத்துச் சொல்வதுதான் நல்ல ஆட்டக்காரனுக்கு அடையாளம் என்று விதியே சொல்கிறது. கேட்ட பவுலை வாபஸ் வாங்கலாம். அது கௌரவக் குறைச்சல் இல்லை.

ரெண்டு, மார்க். ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு அணியும் எதிரணிக்கு மார்க் போட வேண்டும். விதி தெரிந்து ஆடினார்களா, உடம்பில் மோதினார்களா, நியாயமாக நடந்தார்களா, கோபத்தை அடக்கினார்களா, மரியாதையாகப் பேசினார்களா என்று 5 கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 4 மார்க், மொத்தம் 20. அதிக மார்க் வாங்கிய அணிக்குத் தனிப் பரிசு.

இந்த மார்க் பாயிண்டை மாற்றாது. ஜெயித்தவன் ஜெயித்தவன்தான். ஆனால் இது சின்ன வட்டம். அடுத்த போட்டியிலும் அதே முகங்கள்தான் எதிரே நிற்கும். போங்கு அடித்தவன் என்று பேர் வாங்கிவிட்டால், அப்புறம் அவன் உண்மையாகவே அடிபட்டு பவுல் கேட்டாலும் யார் நம்புவார்கள்? புலி வருது கதைதான்!

பேசத் தெரிஞ்சவன் ஜெயிப்பானா?

இங்கேதான் நம்ம ஊருக்கான விஷயம் இருக்கிறது. சென்னையில் இந்த ஆட்டத்தில் மீனவக் குப்பத்துப் பிள்ளைகளும், காலேஜ் மாணவர்களும், கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியர்களும் ஆணும் பெண்ணுமாக ஒரே அணியில் ஆடுகிறார்கள். 'பிளைவைல்ட்' என்ற சென்னை அணியின் கதை '175 கிராம்ஸ்' என்ற குறும்படமாகி, 2015-ல் அமெரிக்காவின் சன்டான்ஸ் பட விழா வரை போனது. இந்த ஊரில் நடக்கும் 'சென்னை ஹீட்' போட்டியில் ஆட வெளியூர் அணிகளும் வருகின்றன.

எல்லாம் சரி. ஆனால் தீர்ப்பு பேச்சில்தான் என்றால், வாய் உள்ள பிள்ளைதானே பிழைக்கும்? ஒருத்தர் நுனிநாக்கு இங்கிலீஷில் விதி நம்பரோடு வாதாடினால், எதிரே நிற்கும் பையன் திருதிருன்னு முழிக்க வேண்டியதுதானா? கடைசியில் பேட் வைத்திருப்பவன் சட்டம் என்பது போய், இங்கிலீஷ் வைத்திருப்பவன் சட்டம் என்று ஆகிவிடாதா?

நியாயமான பயம்தான். அதற்குத்தான் அந்த ஒரு வார்த்தை விதி. 'கன்டெஸ்ட்' என்று சொல்ல இலக்கணம் தேவையில்லை. அதைச் சொல்லவும் வராவிட்டால் கையால் காட்டலாம். சர்வதேச ஆட்டத்தில் எல்லாவற்றுக்கும் கை சைகை உண்டு. எதிரணிக்காரர் எவ்வளவு நீளமாகப் பேசினாலும், பையன் அசையாமல் நின்றால் தட்டு திரும்பித்தான் போகும். எம்.டி.யாக இருந்தாலும் அவருக்கும் ஒரு குரல், இவனுக்கும் ஒரு குரல்.

ஆனால் இதுக்கு பையனுக்கு விதி தெரிஞ்சிருக்கணும். தெரியாதவன் ஏமாறுவான். நேர்மையை மட்டும் சொல்லிக் கொடுத்து, விதியைச் சொல்லிக் கொடுக்காமல் விட்டால், அது பாதி நியாயம்தான். தட்டு வீசக் கற்றுக்கொடுக்கும் முதல் நாளே, அவனுக்குப் புரியும் தமிழில் விதியையும் சொல்லிவிட வேண்டும்.

காசு வந்தால்?

அடுத்த சோதனை துட்டு. அமெரிக்காவில் 2012-ல் டிக்கெட் போட்டு தொழில்முறை லீக் ஆரம்பித்தார்கள். உடனே ரெப்ரியும் வந்துவிட்டார். பார்க்க வந்தவர்கள் முன்னால் ரெண்டு பேர் நின்று பேசிக்கொண்டிருந்தால் போரடிக்கும் என்ற பேச்சு. ஆனால் அங்கேயும் ஒரு கதவைத் திறந்துதான் வைத்தார்கள். ரெப்ரி தனக்குச் சாதகமாகத் தப்புத் தீர்ப்பு கொடுத்தால், வீரரே அதை மாற்றச் சொல்லலாம்.

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2015-ல் இந்த விளையாட்டின் சம்மேளனத்துக்கு முழு அங்கீகாரம் கொடுத்தது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை. என்றாவது ஒருநாள் கிடைத்தால், தங்க மெடலுக்கு முன்னால் இந்த மனசாட்சி தாங்குமா? ரெப்ரியை வைத்தால் பொய் குறையும் என்று சொல்லவும் முடியாது. 1986 உலகக் கோப்பையில் மரடோனா கையால் கோல் போட்டபோது மைதானத்தில் ரெப்ரி இருந்தார். 2018-ல் கேப்டவுனில் ஆஸ்திரேலியர்கள் பந்தைச் சுரண்டியபோது அம்பயர்கள் இருந்தார்கள், மூலைக்கு மூலை கேமராவும் இருந்தது. ரெப்ரி இருக்கும் ஆட்டத்தில் பலருக்கு ஒரே கவலை, மாட்டிக்காம இருக்கணும் என்பதுதான்.

தட்டு ஆட்டத்தில் அந்த வசதி இல்லை. தொட்டோமா இல்லையா என்று அடிபட்டவன் முகத்தைப் பார்த்தே சொல்லியாகணும். ஆட்டம் முடிந்ததும் ரெண்டு அணியும் கலந்து, தோள்மேல் கை போட்டு வட்டமாக நிற்கும். பொய் சொன்னவன் அந்த வட்டத்தில் யார் தோளில் கை போடுவான்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெருவில் கிரிக்கெட் ஆடும்போது, பேட் உங்களுடையதாகவே இருந்தாலும் ஒருதடவை சொல்லிப் பாருங்க... "ஆமாண்டா, எட்ஜ் பட்டுச்சு. நான் அவுட்!"