செல்வமும் போதுமென்ற மனமும்: ஒரு நிலைப்பாடு

காணிக்கை கொடுத்தால் கடவுள் அதைப் பல மடங்காகத் திருப்பித் தருவார் என்றும், வீட்டில் பணம் தங்காததற்கு விசுவாசக் குறைவே காரணம் என்றும் கூட்டங்களில் போதிக்கப்படுவதை, வட்டக்கோட்டையைச் சுற்றிய கடலோர ஊர்களிலும் உள்நாட்டு ஊர்களிலும் வாழும் கிறிஸ்தவர்களைக் கொண்ட இவ்வமைப்பு ஏற்கவில்லை. செழிப்பு உபதேசம் என்று வழங்கும் இப்போதனை, கடவுளின் தயவைச் செல்வத்தால் அளப்பதால், கடனில் தவிக்கும் குடும்பத்தின் தலையில் பழியையும் சேர்த்து ஏற்றுகிறது. ஏழ்மையையே புண்ணியமாகக் காட்டி, கிடைத்ததோடு அடங்கியிருக்கச் சொல்லும் எதிர்க்கோடிப் போதனையையும் அமைப்பு அதே உறுதியுடன் மறுக்கிறது.

இவற்றுள் முதலாவதற்கான மறுமொழி இம்மண்ணிலேயே கிடைக்கிறது. கடலை ஒட்டி நிற்கும் வட்டக்கோட்டையின் கருங்கல் மதிலை 18-ஆம் நூற்றாண்டில் வலுப்படுத்திக் கட்டிய யூஸ்டாக்கியஸ் டி லனாய், 1741-இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் படையிடம் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுக் கம்பெனி அதிகாரி. கைதியாக வந்த அவர், திருவிதாங்கூர்ப் படையைப் பயிற்றுவித்து, வலிய கப்பித்தான் என்று அழைக்கப்படும் அளவுக்கு உயர்ந்தார். அரசுப் பணியில் அவரோடு பழகிய நட்டாலத்து நீலகண்ட பிள்ளை 1712-இல் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். கால்நடைகளும் சொத்தும் அடுத்தடுத்து அழிந்து அவர் மனம் ஒடிந்திருந்த வேளையில் டி லனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அக்கதையில், மந்தைகளையும் பிள்ளைகளையும் ஒரே நாளில் இழந்தவரிடம் வந்த நண்பர்கள், மறைவான பாவம் ஏதும் இல்லாமல் இப்படி நேராது என்று வாதிடுகிறார்கள்; தம்மைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று இறுதியில் கடவுள் கடிந்துகொள்வது அந்த நண்பர்களைத்தான். யோபு கடைசியில் எல்லாவற்றையும் இரட்டிப்பாகப் பெற்றாரே என்று செழிப்புப் போதகர்கள் கேட்பதுண்டு. நீலகண்ட பிள்ளைக்கு அப்படி எதுவும் திரும்பி வரவில்லை. 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, லாசர் என்பதன் தமிழாக்கமான தேவசகாயம் என்னும் பெயரை ஏற்ற அவர், பதவியை இழந்து, 1749 முதல் சிறைப்பட்டு, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று கத்தோலிக்கத் திருச்சபை புனிதராக அறிவித்த அம்மனிதரின் விசுவாசத்தை அவருடைய சொத்துக் கணக்கால் அளக்க யாரும் துணிய மாட்டார்கள். லூக்கா நற்செய்தியின் உவமையில் செல்வந்தன் வீட்டு வாசலில் பசியோடு கிடந்த ஏழைக்கும் லாசரு என்பதே பெயர் என்பது இங்கே நினைக்கத்தக்கது.

போதுமென்ற மனம் என்பதற்குப் பவுல் கையாளும் கிரேக்கச் சொல் ‘அவுத்தார்கெயா’. தன்னிறைவு என்று பொருள்படும் இச்சொல்லை, எதையும் யாரையும் சாராமல் வாழும் மன உறுதியைக் குறிக்க ஸ்தோயிக் தத்துவ ஞானிகள் வழங்கிவந்தனர். பவுல் அதைத் திருப்பிப் போடுகிறார்: எந்த நிலையிலும் மனநிறைவோடு இருக்கக் கற்றேன் என்று அவர் பிலிப்பியருக்கு எழுதும் பகுதி, சிறையிலிருந்த தமக்கு அவர்கள் அனுப்பிய பொருளுதவிக்கு நன்றி சொல்லும் பகுதியாகவும் இருப்பதால், அந்த மனநிறைவு பிறரிடம் பெறுவதை இழிவாகக் கருதவில்லை என்பது தெளிவு. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம் தீமைகளின் வேராகச் சுட்டுவது பணத்தை அன்று, பணத்தின் மேலுள்ள ஆசையை. அதே அதிகாரம் செல்வந்தரைச் செல்வத்தைத் துறக்கச் சொல்லாமல், தாராளமாகப் பகிரச் சொல்கிறது.

ஆகவே போதும் என்னும் சொல், உள்ளவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ள வேண்டியது என்பதே அமைப்பின் நிலைப்பாடு. வலைக்கும் எஞ்சினுக்கும் முன்பணம் வாங்கியதால், பிடித்த மீனைக் கடன் கொடுத்தவரிடமே அவர் சொல்லும் விலைக்குக் கொடுத்துவிட்டு வரும் மீனவரிடம் மனநிறைவைப் பற்றிப் பிரசங்கிப்பது, அந்த விலைக்கு வேதத்திலிருந்து சாட்சி தேடுவதாகும். உழைப்பவருக்கு நியாயமான கூலி கிடைப்பது நீதியின் பாற்பட்டது என்று பாப்பரசர் 13-ஆம் லியோ 1891-இல் வெளியிட்ட சுற்றுமடல் தெளிவாக்கியது. கூலிக்காகவும் விலைக்காகவும் போராடுவோரை ஆசை பிடித்தவர்கள் என்று ஆலயத்தில் பேசுவது இனி நிற்க வேண்டும்.

சபைகளின் சொந்தக் கணக்கும் பார்க்கப்பட வேண்டும். வட்டக்கோட்டைக்கு வடமேற்கே மயிலாடியில் 1806 முதல் ஊழியம் செய்த மிஷனரி ரிங்கல்தௌபே, சம்பளம் கைக்கு வந்ததும் பெரும்பகுதியை இல்லாதவருக்குக் கொடுத்துவிட்டு எளிய குடிசையில் வாழ்ந்தவர். பிற்காலத்தில் தென்பகுதிச் சபைகளில் வழங்கிய பிடியரிசிப் பழக்கமும் அவ்வழியைச் சேர்ந்ததே: உலையில் இடுமுன் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைத்து ஆலயத்துக்குக் கொண்டுபோகும் அவ்வழக்கத்தில், யார் வீட்டு அரிசி எது என்று அறிய வழியில்லை. கொடுத்தவர் பெயரையும் தொகையையும் ஒலிபெருக்கியில் வாசிப்பதும், தொகைக்கேற்பக் கல்வெட்டில் எழுத்தின் அளவைப் பெரிதாக்குவதும் கைவிடப்பட வேண்டும் என்று அமைப்பு கருதுகிறது. பண்டிகை ஏலத்தில் ஒரு தேங்காய் அதன் விலையைப் போல நூறு மடங்குக்குப் போவதை மட்டும் அமைப்பு விளையாட்டாகவே எடுத்துக்கொள்கிறது. அது இரண்டு வீடுகளின் வீம்பாக மாறும்போது ஏலம் கூறுபவர் மூன்றாம் தரத்தைச் சற்று வேகமாகச் சொல்லிவிடலாம்.

ஆனால் இப்பகுதிக் கிறிஸ்தவர்களின் பணப்பார்வை உண்மையில் வெளிப்படும் இடம் திருமணப் பேச்சு. மாப்பிள்ளையின் படிப்பையும் வேலையையும் வைத்துப் பவுன் கணக்குப் பேசி, அதற்காக நிலத்தை விற்றோ வட்டிக்கு வாங்கியோ பெண்வீடு தள்ளாடுவதும், அதே சீதனம் ஆலயத்தில் ஆசீர்வாதமாகப் பேசப்படுவதும் செழிப்பு உபதேசத்தின் உள்ளூர் வடிவமே. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-இலேயே வந்துவிட்டது. ஓலை வாசிப்பதற்கு, அதாவது திருமணத்தை ஆலயத்தில் முன்கூட்டி அறிவிப்பதற்கு முன், பவுனோ ரொக்கமோ கேட்கப்படவில்லை என்று இரு வீட்டாரிடமும் எழுதி வாங்குமாறு அமைப்பு எல்லாச் சபைகளையும் கேட்டுக்கொள்கிறது. முதலில் எழுதிக் கொடுக்க வேண்டியவர்கள் அமைப்பின் பொறுப்பாளர்களே என்றும், அவர்கள் மறுத்தால் பொறுப்பிலிருந்து விலக வேண்டும் என்றும் முடிவு செய்துள்ளது.